உலகம்மாள் பாட்டில் விட்ட இடம்

கேசட் என்று ஒரு சாமான் வீட்டுக்கு வீடு இருந்த காலத்தில், எங்கள் செவ்வரளிக்குளத்து உலகம்மாள் பாடிய கேசட்டை யார் போட்டாலும் அது ஒவ்வொரு அடிக்கும் பிறகு கொஞ்சம் நின்று பதிலுக்குக் காத்திருக்கும், அந்த இடத்தில் யாராவது ஒருத்தி அடுப்படியிலிருந்தோ மாட்டுத்தொழுவத்திலிருந்தோ எடுத்துப் பாடினால் அவள் குரலை வாங்கி வைத்துக்கொள்ளும், அப்புறம் வேறு எந்த ஊரில் எந்தப் பெட்டியில் போட்டாலும் அந்தக் குரலைக் கொண்டுபோய்க் கேட்கவைக்கும். ஒரு ஊர்ப் பாலை இன்னொரு ஊருக்குப் பால்காரன் கொண்டுபோவதில்லையா, அது மாதிரிதான் என்று டீக்கடை நம்பிராஜன் அண்ணாச்சி சொன்னார். நாங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் என்றால் நடவு வரிசை. ஊரில் மற்றவர்கள் எல்லாம் இந்தக் கதையை அவரவர் வசதிக்குச் சொல்லுவார்கள், தர்மகர்த்தா வீட்டில் கேட்டால் அவர்தான் உலகம்மாளைக் கண்டுபிடித்த மாதிரி ஆரம்பிப்பார், அதனால் எங்களிடம் கேட்பதுதான் நல்லது. வயலின் இந்தக் கோடியில் உலகம்மாள் குனிந்து நட்டபடி ஒரு அடி பாடுவாள், பாடி நிறுத்துவாள், நாங்கள் குனிந்தபடியே அந்த அடியின் கடைசித் துண்டை எடுத்துத் திருப்பிக் கொடுப்போம், நாங்கள் எடுக்கிற நேரத்தில்தான் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த அடியை யோசிப்பாள், அந்த நேரத்தில்தான் எங்கள் கை ஒரு பிடி நாற்றைச் சேற்றில் ஊன்றும், கால் ஒரு எட்டு பின்னால் போகும். பாட்டு நின்றால் நடவும் நிற்கும். வரிசையின் மறு கோடியில் நின்று எங்கள் எல்லோருக்கும் மேலே எடுத்துப் பாடுகிறவள் ஆவுடை, உலகம்மாளுடைய நாத்தனார், புருஷனின் தங்கச்சி.

ஆவுடைக்குக் குரல் கொஞ்சம் மூக்கால் வரும். அழகான குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஒரு வயல் தாண்டி இன்னொரு வயலில் கேட்கும். எடுத்து முடித்ததும் "கேட்டுச்சா மைனி" என்று அண்ணியைப் பார்த்துச் சொந்தமாக ஒன்றைச் சேர்த்துவிடுவாள், கேட்காமல் எங்கே போகும், வரிசை முழுக்கச் சிரிக்கும், உலகம்மாள் மட்டும் சிரிக்காமல் அடுத்த அடியை ஆரம்பிப்பாள். அவளுடைய சிரிப்பு அந்த அடியில் இருக்கும்.

ஒரு வருஷம் முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழாவில், மதியக் கொடைக்கு நையாண்டி மேளம் வந்தது, மேளத்தோடு பாடவேண்டிய ஆள் பந்தலில் உட்கார்ந்து தொண்டையைத் தடவித் தடவிப் பார்த்தார், சத்தம் வரவில்லை. பச்சைத்தண்ணீரில் குளித்தாராம். சாமிக்குப் பாட்டு இல்லாமல் படைப்பு வைக்க முடியாது, தர்மகர்த்தா இங்கேயும் அங்கேயும் நடக்கிறார், அப்போது ஆவுடைதான் உலகம்மாளை முதுகில் கைவைத்து மேடைப் பக்கம் தள்ளினாள்.

"ஏறுங்க மைனி. வயல்ல பாடுதது சாமிக்குக் கேக்காமலா இருக்கு? இன்னைக்கு மைக்குல பாடுங்க."

எங்கள் பக்கத்தில் அதுவரை ஒரு பெண் மைக் முன்னால் நின்று பாடியது கிடையாது. உலகம்மாள் ஏறினாள், நின்றாள், வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. நிமிர்ந்து நின்றால் அவளுக்குப் பாட்டு வராது என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது, பிறந்ததிலிருந்து குனிந்துதானே பாடியிருக்கிறாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்று நடுகிற மாதிரி குனிந்தாள், பாட்டு வந்தது, மைக் செட்டுக்காரர் ஓடிப்போய் மைக்கை அவளுடைய முழங்கால் உயரத்துக்கு இறக்கிவைத்தார். ஒரு அடி பாடி நிறுத்தினாள். மேளக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், அவர்களுக்கு என்ன தெரியும். பந்தலில் தரையில் உட்கார்ந்திருந்த நாங்கள் எடுத்துப் பாடினோம், ஆவுடை எல்லோருக்கும் மேலே எடுத்தாள், கடைசியில் "கேட்டுச்சா மைனி" என்றாள், முத்தாரம்மனே சிரித்திருப்பாள்.

மறுநாள் காலையில் ஆவுடையைப் பெண் பார்த்துப் பூ வைத்துவிட்டுப் போயிருந்த பஸ் கண்டக்டர் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. மேடையில் ஆடிப்பாடுகிற வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஆவுடை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான். அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து ஊர்க் கொடைக்கு உலகம்மாளைக் கூப்பிட வண்டி வந்து வாசலில் நின்றது. அவள் ஒரு தரம் உள்ளே பார்த்தாள், ஒரு தரம் வண்டியைப் பார்த்தாள், வந்து பேசிக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டாள். போன இடத்தில் இன்னொரு ஊர்க்காரர்கள் கூப்பிட்டார்கள். அவள் வந்து பேசுவதற்குள் ஆவுடைக்கு மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்க்கிற ஒருவனை அவசரமாகப் பேசி முடித்திருந்தார்கள்.

பஸ் ஏறும்போது ஆவுடை அழவில்லை. மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக, எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அதே மூக்குக் குரலில் சொன்னாள்: "இனிமே உங்க பாட்டுக்கு நான் எடுக்க மாட்டேன் மைனி. இது முத்தாரம்மன் மேல சத்தியம்."

அம்மன் மேல் செய்த சத்தியத்தை எங்கள் ஊரில் யாரும் மீறமாட்டார்கள். ஆவுடையின் அம்மா செத்ததற்கு ஆள் சொல்லி அனுப்பினார்கள், எஸ்டேட்டில் அப்படி ஒரு குடும்பம் இல்லை, வேறு மலைக்கு மாறிப் போய்விட்டார்கள் என்று போனவர் திரும்பி வந்தார். உலகம்மாளுடைய புருஷன் செல்லையா தானே ஒரு தடவை ஏறிப்போய் மலை மலையாக விசாரித்துவிட்டு, கால் முழுக்க அட்டை கடித்த தழும்போடு வந்து சேர்ந்தார். இருக்கிறாளா இல்லையா என்பதே யாருக்கும் தெரியவில்லை.

இதற்கிடையில் உலகம்மாள் பெரிய ஆள் ஆகிக்கொண்டிருந்தாள். முதலில் சில ஊர்களில் அவளை விரட்டுவதற்கென்றே ஆட்கள் வந்தார்கள், விரட்ட வந்தவர்கள் ஒரு அடி கேட்டுவிட்டு விரட்டலாம் என்று நின்றார்கள், அப்புறம் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். பொம்பளைக்கு அடிக்க மாட்டோம் என்று தவிலை உறையில் போட்ட மேளக்காரர்கள் இருந்தார்கள், அவள் ஒரு குடத்தைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு பாடினாள், மூன்றாவது பாட்டில் உறை தானாகக் கழன்றது. செல்லையா முதலில் வீட்டில் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு கிடந்தார், பிறகு பசித்தது, பிறகு அவளோடு ஊர் ஊராகப் போய் மைக்கை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவைக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். அதை வேறு யார் செய்தாலும் அவருக்குப் பிடிக்காது. அவளைப் பார்த்து மற்ற ஊர்களிலும் பெண்கள் மேடை ஏறினார்கள், ஏறியவர்கள் எல்லோரும் குனிந்து பாடினார்கள், அதுதான் முறை என்று நினைத்துவிட்டார்கள்.

திருநெல்வேலியில் கேசட் போடுகிற ஒரு சின்னக் கம்பெனி அவளைக் கூப்பிட்டது. சுவர் முழுக்க மெத்தையை ஆணியடித்து வைத்திருந்த ஒரு அறை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சேவியர் என்று ஒருவர். உலகம்மாள் ஒரு அடி பாடினாள், நிறுத்தினாள். அவர் கையைக் காட்டினார், அவள் அடுத்த அடியைப் பாடினாள், நிறுத்தினாள்.

"ஏம்மா பாடிப் பாடி நிக்கீங்க?"

"எடுத்துப் பாடணும்லா."

"யாரு?"

உலகம்மாள் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள். மெத்தையைத் தவிர ஒன்றும் இல்லை.

"எடுக்கிறவ எடுப்பா. நீங்க பாட்டுக்கு விடுங்க," என்றாள்.

சேவியருக்குப் பசி, பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது, அப்படியே விட்டுவிட்டார். அப்படித்தான் அந்தக் கேசட் அடிக்கு அடி வெறும் இடத்தோடு வெளியே வந்தது. அவள் பழக்கத்தில் விட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். வரிசையில் நின்ற எங்களுக்குத் தெரியும், எங்கள் வாய்க்கு அவள் விடுகிற இடம் இவ்வளவு நீளம் இருக்காது. கடைசியில் இரண்டு வார்த்தை சேர்க்கிறவளுக்கும் சேர்த்து விட்டிருந்தாள்.

நம்பிராஜன் அண்ணாச்சி கடையில் அதைப் போட்ட முதல் நாள், புல்லுக்கட்டோடு போன நாங்கள் நடந்தபடியே எடுத்துப் பாடினோம். வாய் பழகியதுதானே. மறுநாள் போட்டபோது எங்கள் குரல் அதற்குள் இருந்தது. அண்ணாச்சி, "பரவால்ல, நல்லாத்தான் பிடிச்சிருக்கான்" என்று டீ ஆற்றிக்கொண்டே சொன்னார். அடுத்த வாரம் அதே இடத்தில் களக்காட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி எடுத்தாள், அதற்கு அடுத்த நாள் பீடி சுற்றுகிற பெண்கள் ஒரு கூட்டமாக எடுத்தார்கள், பின்னால் கத்தரி சத்தம் கேட்டது, அப்புறம் தூத்துக்குடி உப்பளத்திலிருந்து ஒருத்தி தொண்டை கரகரக்க எடுத்தாள். ஒரே இடத்தில் இத்தனை பேர் எப்படி என்றால், குழாயடியில் குடத்தை வரிசையில் வைப்பதில்லையா, அந்த முறைதான். ஒரு தடவைக்கு ஒருத்தி. எப்போதாவது இரண்டு பேர் முட்டிக்கொண்டு, "நான்லா முந்தி வந்தேன்" என்று பாட்டுக்கு நடுவில் சண்டை கேட்கும், அது தீரும்வரை உலகம்மாள் காத்திருப்பாள்.

கொஞ்ச நாளில் அவர்கள் கடைசித் துண்டைத் திருப்பிப் பாடுவதோடு நிற்கவில்லை, மெட்டுக்குள் தங்கள் சேதியையும் வைத்து அனுப்ப ஆரம்பித்தார்கள். கட்டிக்கொடுத்த ஊரில் தண்ணீர் உப்பு என்று ஒருத்தி பாடினாள், அவளுடைய அம்மா நாங்குநேரியில் ஒரு தையல்கடை வாசலில் அதைக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாள். எங்கள் மாடு கன்று போட்டது, நீ கொடுத்த முருங்கைக் கொம்பு துளிர்த்தது, அண்ணன் பேசுவதில்லை, நீயாவது பேசு. தபால்காரர் தன் வேலையைக் கெடுப்பதாகக் குறைப்பட்டார், ஆனால் சைக்கிளை நிறுத்தி அவரும் கேட்டார். வாய் பேச வராத சண்முகக்கனி ஒரு நாள் கடைப்பக்கம் நின்று அந்த இடத்தில் வளையலைக் குலுக்கினாள், அதையும் கேசட் வாங்கிக்கொண்டது, ஊரெல்லாம் வளையல் சத்தம் வந்தால் "சம்முவக்கனி பேசுதா" என்று சொல்லுவார்கள். பிரசவத்தில் செத்துப்போன கீழத்தெரு பேராச்சி, சாகிறதுக்கு முன்னால் ஒரு தடவை எடுத்திருந்தாள், அவள் முறை எப்போது வரும் என்று தெரியாததால் அவள் புருஷன் தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து ஒரு டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் குரல் வந்தால் மறுநாள் வேலைக்குப் போவான். எங்களுக்கு அவனைப் பார்த்தால் தாங்காது.

ஆண்களுக்குக் கொஞ்சம் சங்கடம்தான். தின்ற தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோகிற ஒருவரைப் பற்றி ஒரு குரல் விலாவாரியாகப் பாடியது, கடையில் இருந்த சுப்பையாவின் முகம் மாறியது.

"ஏ அண்ணாச்சி, அத அழிச்சிரும்."

"அழிச்சிரலாம் வேய். நாளைக்கும் பாடுவாளே," என்றார் அண்ணாச்சி.

கோயிலில் கூட்டம் போட்டார்கள். இனி அந்தக் கேசட்டை ஊரில் போடக்கூடாது என்று முடிவாயிற்று. முடிவு எழுதுவதற்குள் பக்கத்துத் தெருவில் யாரோ போட்டுவிட்டார்கள், அதில் தர்மகர்த்தாவின் மகள், மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மகள், அப்பாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டு எடுத்தாள். தர்மகர்த்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கூட்டம் முடிஞ்சுது, எல்லாரும் போங்க" என்றார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, சுப்பையா தட்டைக் கழுவ ஆரம்பித்தார்.

இத்தனை பேருக்கும் சேதி வந்தது, உலகம்மாளுக்கு மட்டும் வரவில்லை. எந்த ஊருக்குப் பாடப் போனாலும் அந்த ஊர்க் கேசட்டை வாங்கிப் போட்டுக் கேட்பாள். மலை ஓரத்து ஊர் என்றால் இரண்டு தடவை கேட்பாள். யாராவது மூக்கால் எடுத்தால் கையில் இருப்பது அப்படியே நிற்கும், பிறகு அந்தக் குரல் வேறு யாருடையதாகவோ போய்விடும். ஒரு நாள் செல்லையாவிடம் சொன்னாள், நாங்கள் பக்கத்தில் இருந்தோம்.

"அவ இருந்தா எடுத்திருப்பா. இத்தன வருசமா ஒரு வாய் எடுக்காம இருக்க அவளால முடியாது. அவ இல்லங்க."

செல்லையா குனிந்து காலில் அட்டை கடித்த தழும்பைத் தடவினார். தன் தங்கச்சி அல்லவா.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து அனந்தகிருஷ்ணன் என்கிறவர் காரில் வந்தார். பெரிய கம்பெனி. வயலினும் கிடாரும் வைத்து அவளைப் பாடவைக்கப் போவதாகச் சொன்னார், நாற்று நட்ட ஒரு பெண்ணை அப்படிக் கூப்பிட்டு யாரும் கேள்விப்பட்டதில்லை. ஒரே ஒரு விஷயம் என்றார்.

"நடுவுல நடுவுல நிக்கக் கூடாதும்மா. அந்த இடமெல்லாம் நாங்க மியூசிக் போட்டு நிரப்பிடுவோம். நிறுத்தி நிறுத்திப் பாடினா பல்லு போன வாய் மாதிரி இருக்கு."

நாங்கள் எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவள் முடியாது என்பாள் என்றுதான் நினைத்தோம்.

"சரி," என்றாள் உலகம்மாள். "நிரப்பிக்கிடுங்க. இனி அதுல எனக்கு ஒண்ணும் வரப்போறதில்ல."

நாளைக் காலையில் காரோடு வருவதாகச் சொல்லிவிட்டு அவர் அம்பாசமுத்திரத்துக்குத் தங்கப் போனார். நாங்கள் போகவில்லை. அவளுக்கு வழிச்சோறு கட்டிக்கொடுக்க உள்ளி, அதுதான் சின்ன வெங்காயம், உரித்துக்கொண்டு அவள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தோம், நல்ல மதிய வெயில். அவள் கேசட்டைக் கடைசித் தடவையாகப் போட்டாள். ஒரு பக்கம் முடிந்தது, திருப்பிப் போட்டாள், இரண்டாவது பக்கத்தின் கடைசிப் பாட்டில் யாரோ வள்ளியூர்க்காரி எடுத்தாள், அதுவும் முடிந்தது. வழக்கமாகப் பாட்டு முடிந்த உடனே எழுந்து அமுக்கிவிடுவோம், பேட்டரி வீணாகும் என்று எல்லா வீட்டிலும் அப்படித்தான், டீக்கடையிலும் அப்படித்தான், எந்த ஊரிலும் யாரும் மீதி டேப்பை ஓடவிட்டதில்லை. அன்றைக்கு எழுந்துபோய் அமுக்க யாருக்கும் மனசு வரவில்லை. வெறும் டேப் உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது, உள்ளியின் காரத்தில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர், அல்லது உள்ளிதான் காரணம் என்று சொல்லிக்கொண்டோம்.

அந்த உஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு மூக்குக் குரல் வந்தது.

*மலைமேல குளிரு மைனி, மேலெல்லாம் ஈரம் மைனி,*
*அரிசி கொண்ட லாரியில உங்க பாட்டு வந்துச்சே.*

பாடிவிட்டு நின்றது.

உலகம்மாள் முன்னாலிருந்த அரிவாள்மணை சாய்ந்தது. நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டோம். உங்கள் பாட்டுக்கு எடுக்க மாட்டேன் என்றுதானே சத்தியம் பண்ணினாள்; பண்ணியபடியே ஒரு அடிக்கும் எடுக்கவில்லை. பாட்டெல்லாம் தீர்ந்து யாருடைய பாட்டும் இல்லாத இடத்துக்கு வந்து, தானே முன்பாட்டுப் பாடியிருக்கிறாள், பாடிவிட்டு எடுத்துப் பாட ஆளுக்கு இடம் விட்டிருக்கிறாள். எத்தனை வருஷமாக விட்டிருக்கிறாளோ, நாங்கள் பேட்டரியை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தோம்.

*ஏத்திவிட்டது நான்தானே, ஏறுனது தப்பில்லையே,*
*இறங்கி வந்து ஒருவார்த்த ஏங்கிட்ட கேட்டியளா?*

மறுபடியும் நின்றது. "மைனி, எடுங்க," என்று நாங்கள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினோம். "எடுங்க, போயிரப்போகுது."

அவள் வாயைத் திறந்தாள். வாழ்க்கை முழுக்க முன்பாட்டே பாடினவளுக்குப் பின்பாட்டு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அத்தனை மேடை ஏறினவள், எங்களைப் பார்த்து விழித்தாள். கடைசித் துண்டைப் பிடிக்கணும், அதைத் திருப்பிக் கொடுக்கணும், அவ்வளவுதான் என்று நாங்கள் சொன்னோம். அவள் குனிந்தாள். பெட்டிக்கு முன்னால் தரையில் கையூன்றிக் குனிந்து, நேரம் தப்பி, சுருதி தப்பி, உடைந்த குரலில் எடுத்தாள்.

*கேக்கலியே, கேக்கலியே, ஒருவார்த்த கேக்கலியே.*

கேசட் அதை வாங்கிக்கொண்டது. எங்களுக்கு அது கேட்டது, ஒரு சின்னச் சத்தம், குடத்தில் தண்ணீர் விழுந்து நிற்கிற மாதிரி. ஆவுடை அடுத்த அடிக்குப் போனாள், அவள் பாட்டில் கோபம் தீர்ந்து சேதி வந்தது: வேறு மலைக்கு வந்துவிட்டோம், இரண்டு பெண்பிள்ளை, பெரியவளுக்கு என் மூக்கு, சின்னவளுக்கு என் வாய், அவர் நல்ல மனுஷன், எனக்கு முன்னால் எழுந்து வெந்நீர் போடுகிறார், வாயைத்தான் திறக்கமாட்டார், இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பேசுகிறேன். ஒவ்வொன்றுக்கும் இடம் விட்டாள். ஒவ்வொன்றுக்கும் உலகம்மாள் எடுத்தாள், போகப்போக நேரம் சரியாக வந்தது. கடைசியில் டேப் தீர்ந்து பொத்தான் தானாகத் துள்ளுவதற்கு முன்னால், அந்தக் குரல் பாட்டை விட்டுவிட்டுச் சும்மா கேட்டது.

"கேட்டுச்சா மைனி?"

"கேட்டுச்சுட்டி," என்றாள் உலகம்மாள். "இப்பத்தான் கேட்டுச்சு."

வாசலில் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த செல்லையா, எடுத்த துணியையெல்லாம் முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார். எங்களுக்கு அப்போதுதான் பசி தெரிந்தது, கட்டுச்சோற்றுக்கு வைத்திருந்ததை எல்லோரும் அங்கேயே ஆக்கிச் சாப்பிட்டுவிட்டோம்.

காலையில் கார் வந்தது. உலகம்மாள் கட்டுச்சோறு இல்லாமல் வெளியே வந்து, இடம் இருந்தால் பாடுகிறேன், இல்லாவிட்டால் இல்லை, கடைசியில் வெறும் டேப்பும் கொஞ்சம் நீளமாக விடவேண்டும் என்றாள். அனந்தகிருஷ்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வயலின்காரர்களுக்கு நாள் சொல்லியாகிவிட்டது என்று புலம்பினார். கடைசியில் ஒரு பக்கம் முழுக்க அவர் இஷ்டத்துக்கு, மறுபக்கம் இவள் இஷ்டத்துக்கு என்று பேசி முடித்தார்கள். அவர் பக்கம் கல்யாண வீடுகளில் ஓடியது. இவள் பக்கத்தில், சென்னையில் கட்டட வேலைக்குப் போயிருந்த எங்கள் ஜில்லாப் பெண்கள் சாரத்தில் நின்றுகொண்டு எடுத்தார்கள், அவர்களும் இருக்கிறார்கள் என்று ஊர்களுக்குத் தெரிந்தது. செல்லையா புது எஸ்டேட்டின் பெயரைப் பாட்டிலிருந்தே பிடித்து மலை ஏறினார். இந்தத் தடவை அட்டை கடித்ததைப் பற்றிச் சொல்லவே இல்லை.

அந்த வருஷக் கொடைக்கு ஆவுடை வந்தாள். பிள்ளைகள் இரண்டும் இரண்டு பக்கம், வாய் திறக்காத மனுஷன் பின்னால் பையோடு. மதியக் கொடையில் உலகம்மாள் மேடை ஏறினாள், செல்லையா மைக்கை இறக்கிவைத்தார், அவள் குனிந்து ஒரு அடி பாடி நிறுத்தினாள். நாங்கள் எடுத்தோம். ஆவுடை எங்கள் நடுவில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. சத்தியம் சத்தியம்தான், அம்மன் எதிரிலேயே இருக்கிறாள். பாட்டு முழுக்க அப்படித்தான் இருந்தாள், நாங்கள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பாடினோம். பாட்டு முடிந்தது.

உலகம்மாள் நிமிர்ந்தாள். சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு மேடையை விட்டு இறங்கி வந்தாள், ஆவுடை முன்னால் வந்து நின்றாள், அவள் முதுகில் கைவைத்து மேடைப் பக்கம் தள்ளினாள்.

"ஏறுட்டி."

ஆவுடை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து ஏறினாள். செல்லையா ஓடிப்போய் மைக்கைத் தங்கச்சி உயரத்துக்கு இன்னும் கொஞ்சம் இறக்கினார், அவள் குள்ளம். அவள் விட்டுப்போன இடத்தில், எங்கள் நடுவில், தரையில், எங்கள் மாவட்டத்திலேயே முதன்முதலில் மேடை ஏறிய உலகம்மாள் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். மேலே ஆவுடை ஒரு அடி பாடி நிறுத்தினாள். நாங்கள் யாரும் எடுக்கவில்லை. உலகம்மாள் எடுத்தாள்.